அளக்கிற கை வேறு, எடுக்கிற கை வேறு

பொருள் நினைப்பின் கதை – 9

மண்முனையில் 2014இல் பாலம் திறந்தார்கள். அதுவரை எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகிறவர்கள் அந்த இடத்தில் 'பாதை'க்குக் காத்திருப்பார்கள். பாதை என்றால் இங்கே நடக்கிற வழி அல்ல. ஆளையும் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. ஒரு கரையில் கடலும் தென்னையும் கடைத்தெருவும், மறுகரையில் வயலும் குளமும் எருமைப்பட்டியும். நடுவே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. மீனும் தேங்காயும் மேற்கே போயின, நெல் கிழக்கே வந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்தக் கணக்கில் நடந்தது என்பது பற்றி யாரும் நூல் எழுதி வைக்கவில்லை.

பாலம் வருமுன் ஒருமுறை, படுவான்கரைக் கோயில் ஒன்றில் திருவிழா பார்க்கப் போயிருந்தேன். மேளக்காரர் இருந்தார்கள், குருக்கள் இருந்தார், கூட்டமும் இருந்தது. சுவாமிக்குச் சாத்தும் நகைப்பெட்டி மட்டும் பூட்டியபடி இருந்தது. பக்கத்தில் நின்ற முதியவரிடம் ஏன் என்று கேட்டேன்.

"வண்ணக்கர் வரல்லையே மனே."

சற்று நேரத்தில் வண்ணக்கர் வந்தார். வெள்ளை வேட்டி, வெறும் மேல், தோளில் சால்வை. அவர் பெட்டியைத் தொடவில்லை. மற்றக் குடிகளின் ஆட்கள் சுற்றி நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்தார். நின்றார்கள். அதன் பிறகுதான் திறப்பு வெளியே வந்தது. ஒவ்வொரு நகையாக எடுத்து, பெயர் சொல்லி, கொப்பியில் இருப்பதோடு ஒப்பிட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கு அது எனக்கு ஒரு சடங்காகத்தான் பட்டது. பல வருடம் கழித்துப் புறநானூற்றுப் புலவர்களின் பெயர்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் திடுக்கிட்டேன். வடம வண்ணக்கன் தாமோதரனார். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார். நற்றிணைக்குப் போனால் விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான். வண்ணக்கன் என்றால் நாணய சோதகன் என்கின்றன அகராதிகள். காசையும் பொன்னையும் கையில் வாங்கி, உரைத்துப் பார்த்து, இது செல்லும், இது செல்லாது என்று சொல்பவன். தமிழ்நாட்டில் அந்தச் சொல் பேச்சிலிருந்து போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. அங்கே அதற்கு அகராதியும் அடிக்குறிப்பும் வேண்டும். வாவிக்கரையில் அதே சொல் கோயில் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சென்ற பகுதியில், மைசூரில் கையளிக்கப்பட்ட ஓர் ஓலைக்கட்டை 1905இல் ஆர். சாமசாஸ்திரி பிரித்துப் பார்த்து அர்த்தசாஸ்திரத்தை அடையாளம் கண்டதைச் சொன்னேன். 1909இல் அது அச்சேறியது. அதற்கு முன், பொருளியல் நினைப்பின் வரலாறு எழுதிய ஐரோப்பியருக்குக் கிரேக்கமே தொடக்கம். செனஃபோன், அரிஸ்டோட்டில், பிறகு ஒரு தாண்டு தாண்டி அக்குவினாஸ், அங்கிருந்து 1776இன் அடம் சிமித். சும்பீற்றர் இறந்தபின் 1954இல் வெளிவந்த பெருநூலில், அக்குவினாஸுக்கு முந்திய ஐந்நூறு ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன என்ற கருத்துக்குப் 'பெரிய இடைவெளி' என்றே பெயர் இருக்கிறது. அந்த ஐந்நூறு ஆண்டில் பக்தாத்திலும் தஞ்சாவூரிலும் சீனத்துத் தலைநகர்களிலும் கணக்கு எழுதினவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவர் மேசைக்கு எட்டவில்லை.

இதற்கு மறுமொழியாக, எல்லாமே நம்மிடம் முதலில் இருந்தது என்று மார்தட்டுகிற வழக்கமும் உண்டு. அந்தப் பக்கமும் நான் போகப் போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி சின்னது. நூல் எழுதாத மக்கள் பொருளைப் பற்றி நினைத்ததே இல்லையா? நினைத்திருந்தால் அது எங்கே போய் உட்கார்ந்திருக்கும்? என் எண்ணம், அது பதவிகளிலும் அளவைகளிலும் சொத்துப் பிரிப்பிலும் உட்கார்ந்திருக்கும். மட்டக்களப்பு அதற்குத் தோதான இடம்.

முதலில் வண்ணக்கனின் தொழிலைப் பார்ப்போம். புதுக்கோட்டைப் பக்கத்தில் 1898இல் ஒரு புதையல் கிடைத்தது. 501 உரோமப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. சோதிப்பதற்கு வெட்டினார்களா, இனி இது காசாகச் செல்லாது, பொன்னாகத்தான் செல்லும் என்பதற்கு வெட்டினார்களா என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். எதுவானாலும் ஒரு நினைப்புத் தெளிவாகத் தெரிகிறது. காசில் யார் முகம் இருக்கிறது என்பது ஒன்று, அதற்குள் எவ்வளவு பொன் இருக்கிறது என்பது வேறொன்று. உரோமில் அரசன் முகம் போதும். கடல் கடந்து வந்த காசுக்கு இங்கே ஒரு மூன்றாம் ஆளின் வாக்கு வேண்டியிருந்தது. விற்கிறவனும் அல்ல, வாங்குகிறவனும் அல்ல. அந்த மூன்றாம் ஆள்தான் வண்ணக்கன்.

அர்த்தசாஸ்திரத்தில் கௌடிலியர் இதே ஆளை ரூபதர்சகன் என்கிறார். உருவத்தைப் பார்ப்பவன். சோதனைக் கூலி நூற்றுக்கு எட்டில் ஒன்று. செல்லாத காசைச் செல்லும் என்றாலும் தண்டம், செல்லும் காசைச் செல்லாது என்றாலும் தண்டம். அந்த இரண்டாவது தண்டம்தான் நுட்பமானது. கள்ளக் காசை விட்டுவிட்டால் அரசுக்கு நட்டம், அதற்குத் தண்டம் போடுவது யாருக்கும் தோன்றும். நல்ல காசைத் தள்ளினால்? கொண்டுவந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு குறைந்த விலைக்கு அதை மாற்றிவிட்டுப் போவான், மாற்றிக் கொடுத்தவன் சோதகனோடு பங்கு பிரிப்பான். சோதிக்கிறவன் சோதனையில் ஆதாயம் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்த ஒருவர்தான் இந்த விதியை எழுதியிருக்க முடியும்.

தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, ஆளின் நேர்மையையும் குறிக்கிறது. 'நாணயமான மனிசன்' என்று சொல்லும்போது காசு நம் நினைவுக்கு வருவதில்லை. வண்ணக்கனுக்கு வந்திருக்கும்.

சோழர் காலத்தில் இந்த மூன்றாம் ஆளாகக் கடவுளே வந்துவிடுகிறார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன் நிறுத்த கல்லுக்குப் பெயர் ஆடவல்லான். மணிகள் நிறுத்த கல் தட்சிணமேருவிடங்கன். நெல் அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். இறைவனின் பெயரைப் படிக்கல்லுக்கு வைத்ததைப் பக்தி என்று படித்துவிட்டுப் போகலாம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. கொடுத்தவன் இராசராசன், வாங்கியது கோயில், நிறுத்தது ஆடவல்லான். தராசுக்கு இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒரு பெயர் வேண்டும்.

கோயிலுக்குப் பொன்னும் காசும் வந்தால் அதைச் சோதித்து ஏற்றுக்கொள்ள ஒருவர் தேவை. அந்த ஆளிடமே பெட்டித் திறப்பும் இருக்கும். காலப்போக்கில் பொன் வருவது குறைந்து நெல்லும் காணியும் வருவது கூடியிருக்கும். சோதிக்கிற வேலை தேய்ந்து, காக்கிற வேலை மட்டும் மிஞ்சியிருக்கும். மட்டக்களப்பில் நாணய சோதகன் கோயில் தருமகர்த்தாவான வழி இதுதான் என்பது என் ஊகம். வேலை மாறிய பிறகும் பெயர் கழன்றுவிடவில்லை.

வண்ணக்கர் தனியாளாக நின்றுவிட்டால் அவரும் ஓர் அதிகாரி, அவ்வளவுதான். இங்கே அவர் குடி வழியாக வருகிறார். குடி என்பது தாய்வழி. அப்பன் எந்தக் குடியானாலும் பிள்ளை தாயின் குடிதான். இதை 'வயிற்றுவார்' என்பார்கள். மட்டக்களப்புத் தமிழருக்கு மட்டுமல்ல, இப்பகுதி முஸ்லிம்களுக்கும் குடி உண்டு, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்ததும் உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன், திருக்கோயில் சித்திர வேலாயுதர் முதலிய பெரிய கோயில்களைத் தேசத்துக் கோயில்கள் என்கிறார்கள். ஓர் ஊருக்கோ ஒரு குடிக்கோ உரியவை அல்ல அவை. எருவில்பற்று, மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று என்று பற்றுப் பற்றாகப் பிரிந்து கிடக்கும் தேசம் முழுவதற்கும் பொது. ஒரு குடியின் வண்ணக்கர் கணக்குச் சொல்லும்போது மற்றக் குடிகள் கேட்டுக்கொண்டு நிற்கும். முதல் மரியாதை யாருக்கு, எந்தத் திருவிழா எந்தக் குடிக்கு என்பதில் அவர்களுக்குள் இருக்கும் பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. இந்தச் சண்டைகளைப் பற்றி மேல்நாட்டு மானிடவியலாளர்கள் புத்தகமே எழுதியிருக்கிறார்கள். நமக்கு அது வெட்கமாக இருக்கும். ஆனால் அந்தப் பொறாமைதான் இலவசக் கணக்காய்வு. பக்கத்துக் குடி முறைத்துக்கொண்டு நிற்கும்போது பெட்டியில் கைவைப்பது எளிதல்ல.

இனி நெல்லுக்கு வருவோம். வாவிக்கரையில் பொன் எப்போதாவது காணும் பொருள். அன்றாடக் காசு நெல்தான். காணியின் பரப்பைக்கூட விதை நெல்லால்தான் சொன்னார்கள், இத்தனை அவணம் விதைப்பு என்று. அவணம், சிங்களத்தில் அமுண, பாளியில் அம்மண. மூன்று மொழிக்கும் ஒரே அளவைப் பெயர் என்றால், அந்த மூன்று மொழிக்காரரும் ஒரே களத்தில் நின்று நெல் அளந்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தச் சொல்லின் வயதுக்கு ஒரு சான்று வவுனியாப் பக்கத்தில் தோணிகலப் பாறையில் இருக்கிறது. நாலாம் நூற்றாண்டின் முற்பகுதி, சிறிமேகவண்ணன் ஆட்சியின் 3ஆம் ஆண்டு. ஒருவர் நெல்லும் உழுந்தும் பயறும் அமுணக் கணக்கில் ஒரு வணிகர் குழுவிடம் வைப்பாகக் கொடுக்கிறார். முதலைத் தொடக்கூடாது. வட்டியை மட்டும் எடுத்து, மாரிகாலத்தில் விகாரையில் தங்கும் பிக்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டும். நெல்லுக்கு வட்டி நூற்றுக்கு 50, மற்றத் தானியங்களுக்கு 25.

ஐம்பது வட்டி என்றால் கந்துவட்டியாகத் தோன்றும். நெல்லுக்கு நெல் வாங்குகிறவர் விதைப்பு நேரத்தில் வாங்கி அறுவடையில் கொடுக்கிறார் என்பதை மறக்கக்கூடாது. விதைப்பு நேரத்து ஓர் அவணமும் சூடடித்த மறுநாள் ஓர் அவணமும் பெயரளவில்தான் ஒன்று. அந்த வேறுபாட்டுக்கு ஒரு விலை உண்டு என்று தெரிந்துதான் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஏற்பாட்டின் உருவம். கொடுத்தவர் ஒருவர், வைத்திருப்பவர் வணிகர் குழு, உண்பவர் பிக்கு. மூன்றும் மூன்று கை. வைத்திருக்கிறவருக்கு உண்ணும் உரிமை இல்லை, உண்கிறவருக்கு முதலைத் தொடும் உரிமை இல்லை. இன்றைக்குச் சட்டத்தரணியிடம் போய் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு எழுதினால் அவர் எழுதித் தருவதும் இதுதான்.

ஆறு நூற்றாண்டு கழித்து இன்னொரு கல் பேசுகிறது. பதுளைத் தூண் கல்வெட்டு என்று பெயர், ஆனால் அது முதலில் நின்ற இடம் மகியங்கனைக்குப் பக்கத்தில் சொரபொர வாவியடி. மட்டக்களப்பிலிருந்து மலைநாட்டுக்குப் பொதிமாடு ஏறிய திசைதான். பத்தாம் நூற்றாண்டில் உதயன் என்ற அரசன் அங்கே வந்தபோது, ஒப்பிட்டிகமச் சந்தையின் வியாபாரிகளும் குடிகளும் போய் முறையிட்டார்கள். அதிகாரிகள் இல்லாத தீர்வையெல்லாம் பிடுங்குகிறார்கள் என்று. அரசன் விதிகளைத் தூணில் வெட்டுவித்தான். இங்கே விற்கிற பொருளுக்குத்தான் தீர்வை, ஊர் வழியாகக் கடந்து போகிற பொருளுக்கு இல்லை. ஒப்புக்கொள்ளாத அளவையால் அளக்கக்கூடாது. போயா நாளில் வியாபாரம் இல்லை, மீறினால் மகியங்கனை விகாரைக்கு விளக்கெண்ணெய் தண்டம். கூர்ந்து பார்த்தால், தீர்வை எடுக்கிற அதிகாரியே எது தீர்வைக்குரியது என்றும் தீர்மானித்ததுதான் வியாபாரிகளின் முறைப்பாடு. தண்டப்பணத்தைக்கூட அரசன் அந்த அதிகாரிகளின் கைக்குப் போக விடவில்லை. விகாரை விளக்குக்கு அனுப்பிவிட்டான்!

இதே முறைப்பாட்டைச் சீனத்தில் அரசவையிலேயே வைத்து வாதாடினார்கள். கி.மு. 81. உப்பையும் இரும்பையும் அரசே செய்து அரசே விற்கலாமா என்பது கேள்வி. சாங் ஹொங்யாங் என்ற அமைச்சர் ஒரு பக்கம், மாகாணங்களிலிருந்து வரவழைத்த படிப்பாளிகள் மறுபக்கம். எல்லைப் படைக்குச் செலவு யார் தருவது என்று அமைச்சர் கேட்டார். அரசு தரும் இரும்புக் கருவிகள் உழவனுக்கு உதவாதவை, குடிகளோடு அரசு ஆதாயத்துக்குப் போட்டி போடலாகாது என்றார்கள் படிப்பாளிகள். வாதம் முழுக்க நூலாக இருக்கிறது. பின்னாளில் 1377இல் முகத்திமா எழுதிய இப்னு கல்தூனும் தனி அத்தியாயமே வைத்து, அரசன் வணிகத்தில் இறங்கினால் குடிகளுக்குக் கேடு, வரி வருவாய்க்கும் கேடு என்றார். அரசனோடு போட்டி போட எந்த வியாபாரிக்கும் துணிவிராது, வியாபாரி கடையை மூடினால் வரி எங்கிருந்து வரும் என்பது அவர் கணக்கு.

இது வாவிக்கரைக்காரருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய செய்தி அல்ல. 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தளபதி மிளகும் கறுவாவும் தேடி மட்டக்களப்புக்கு வந்து இறங்கினார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கறுவாவை வாங்குகிறவர், விலை சொல்கிறவர், நிறுக்கிறவர், வேறு யாருக்கும் விற்றால் தண்டிக்கிறவர், நால்வரும் ஒரே கொம்பனி. அந்தக் கோட்டை இன்னும் நிற்கிறது, உள்ளே கச்சேரி அலுவலகங்கள் நடந்தன.

சொத்துக்கு வருகிறேன். வாவிக்கரையின் பொருள் நினைப்பு மிக நுணுக்கமாக வேலை செய்த இடம் இதுவே என்பது என் துணிபு. முக்குவர் என்ற சமூகத்தின் பெயரால் முக்குவர் சட்டம் என்று ஒன்று இங்கே வழங்கியது. சொத்தை அது இரண்டாகப் பிரித்தது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசொம், தானே உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். முதுசொம் மகனுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். தேடியதேட்டத்தைத் தன் விருப்பப்படி தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. குடும்பக் காணியைப் பார்த்துக்கொள்பவர் தாய்மாமன். மரைக்கால் அவர் கையில், களத்தில் நிற்பவர் அவர். ஆனால் அந்தக் காணி அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்குப் போகாது. ஆள்கிறவருக்கு அடைகிற உரிமை இல்லை. மாமன் கொஞ்சம் கைநீட்டினாலும் கேட்க மருமக்கள் பட்டாளம் நிற்கிறது. கோயில் பெட்டியைச் சுற்றி நின்ற குடிகளை நினைத்துப் பாருங்கள், அதே காட்சிதான், வீட்டுக்குள்.

அப்படியானால் மாமன் எதற்காக உழைக்க வேண்டும்? சகோதரி பிள்ளைக்குப் போகிற வயலுக்கு ஏன் வியர்வை சிந்த வேண்டும்? அங்கேதான் தேடியதேட்டம் வருகிறது. புதிதாகக் காடு வெட்டி, மேடு திருத்தி வயலாக்கினால் அது உன்னுடையது, உன் பிள்ளைக்குக் கொடு. இருப்பதைச் சிதறாமல் வைத்திருக்க ஒரு விதி, புதியதைச் சேர்க்கத் தூண்ட இன்னொரு விதி. வயலுக்குக் காடு நிறையக் கிடந்த, ஆள்பலம் குறைந்த ஒரு நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை என்னால் யோசிக்க முடியவில்லை. மகனுக்கு அப்பன் வளவு இல்லாமற் போகிறதே என்ற குறை அந்த மக்களுக்கும் இருந்திருக்கும். அதற்காகத்தான் தேட்டத்தில் அந்தக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் முதுசொம், தேடியதேட்டம் என்ற சொற்கள் உண்டு. ஒல்லாந்த ஆளுநரின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்து 1707இல் கொடுத்தார். அது இன்றும் நீதிமன்றத்தில் நிற்கிறது. முக்குவர் சட்டத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பவர் அதைத் தொகுத்துக் கொழும்பில் நூலாக வெளியிட்டது 1876இல். அதே 1876இல்தான் திருமண உரிமை, வாரிசுரிமைக்கான 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. அதோடு முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. புத்தகம் அச்சேறிய ஆண்டிலேயே பொருள் போய்விட்டது. சட்டம் போனாலும் பழக்கம் வேறு வழி தேடிக்கொண்டது: வீடும் வயலும் சீதனமாகப் பெண்ணுக்கே எழுதப்பட்டன, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தான். கிழக்கில் வீடு யாருடையது என்று கேட்டால் இன்றும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயரைத்தான் சொல்வார்கள்.

இவ்வளவையும் புகழ்ந்து எழுதிவிட்டு ஓரிடத்தை மூடி மறைத்தால் அது நாணயமாகாது. அளக்கிற கையும் எடுக்கிற கையும் ஒன்றாகவே இருந்த ஒரு களம் இங்கே இருந்தது. அது வயற்களம்.

போடியார் காணிக்காரர். வயற்காரன் உழைப்பவன். விதைநெல், மாடு, இடையில் சாப்பாட்டுக்கு நெல் எல்லாம் போடியார் முன்கொடுப்பார். சூடடித்து முடிந்ததும் களவெட்டியில் வைத்துக் கணக்குத் தீர்க்கப்படும். என் அம்மம்மா சின்னப்பிள்ளையாகக் களத்தில் நின்று பார்த்ததைச் சொல்லுவா. முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்பார்கள். களத்தில் நெல் என்ற சொல்லைக்கூடச் சொல்லாமல் பொலி என்பார்கள். "கடன் குடுக்கக்குள்ள தலைதட்டி அளப்பாங்க மனே, திருப்பி எடுக்கக்குள்ள கும்பி அளப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பா. மரைக்கால் போடியாருடையது, அளக்கிறவர் போடியாரின் ஆள்.

கும்பிக்கும் தலைதட்டுக்கும் உள்ள இடைவெளி சிறிதல்ல. அர்த்தசாஸ்திரம் இதற்கு எண்ணே போட்டிருக்கிறது: தானிய அளவையின் மேற்குவியல் அளவில் கால் பங்கு. குவித்து அளக்கிறதானால் குவியலையும் சேர்த்துத்தான் அளவை செய்ய வேண்டும். படிக்கும் கல்லுக்கும் நாலு மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்த வேண்டும், முத்திரையில்லாத அளவைக்குத் தண்டம். அந்த முத்திரை படுவான்கரைக் களவெட்டி வரைக்கும் வந்து சேரவில்லை. நூறு மரைக்கால் கடன்பட்டவன் வட்டிக்கு மேலே, கணக்கில் எழுதாத குவியலையும் சேர்த்துக் கொடுத்தான். திருக்குறளின் பொருட்பாலில் உழவு 104ஆம் அதிகாரம். அடுத்த அதிகாரம் நல்குரவு, அதற்கடுத்தது இரவு, அதற்கும் அடுத்தது இரவச்சம். வள்ளுவர் ஏன் அப்படி அடுக்கினார் என்று உரைகாரர்கள் நுட்பமாக விளக்கம் சொல்கிறார்கள். களவெட்டியில் வயற்காரனாக நின்றவருக்கு அந்த வரிசை விளங்க உரை வேண்டியதில்லை.

1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் இதைத்தான் தொட்டது. விளைச்சலில் நாலில் ஒன்றுக்கு மேல் குத்தகைக்காரனிடம் வாங்கலாகாது, அவனை எழுப்பிவிடவும் முடியாது என்றது. மறுவருடமே அவர் அமைச்சரவையை விட்டு வெளியேற நேர்ந்தது. ஏன் இத்தனை எதிர்ப்பு என்று கேட்டால், மரைக்கால் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் அவர் கைவைத்தார் என்பேன். போடியார் வீடுகளின் பெரிய நெற்பட்டறைகள் அதற்குப் பிறகும் நின்றன. பின்னர் வந்த போரில்தான் அவற்றில் பல போயின.

இதே போடியார் கோயிலுக்குப் போனால் வண்ணக்கராகவும் இருப்பார், அங்கே ஒரு மஞ்சாடிப் பொன்னுக்கும் நாலு குடி முன்னே கணக்குச் சொல்வார். களத்துக்கு வந்தால் குவித்து அளப்பார். ஒரே ஆள். கோயிலில் சுற்றி நின்றவர்கள் அவருக்குச் சமமானவர்கள். களத்தில் நின்றவன் அவரிடம் கடன்பட்டவன்.

வைகாசி பிறந்தால் வாவியின் இரு கரையிலும் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். செட்டிபாளையம், மகிழூர் என்று ஊர் ஊராகக் குளிர்த்திச் சடங்கு நடக்கும். சிலம்பின் கதையை மதுரை மறந்தாலும் இந்தக் கரை மறக்கவில்லை. கண்ணகி வழக்குரையை விடிய விடியப் படிப்பார்கள், அரைத்தூக்கத்தில் பிள்ளைகள் தாய் மடியில் கிடக்கும், வழக்குரைக்கிற இடம் வரும்போது கிழவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த வழக்கை ஒரு வியாபார வழக்காகப் படித்துப் பாருங்கள். நகரத்துக்குப் புதியவன் ஒருவன் ஒற்றைச் சிலம்பை விற்க வருகிறான். விலை மதிக்கச் சொல்லி அரண்மனைப் பொற்கொல்லனிடம் கொடுக்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அந்தக் கொல்லன்தான். பொருளைச் சோதித்துச் சொல்ல வேண்டியவனுக்கு அந்தப் பொருளிலேயே ஆதாயம் இருக்கிறது. பாண்டியன் கேட்டது அவன் ஒருவனுடைய வாக்கை மட்டும். கொற்கை முத்து குவிந்த நாடு, வண்ணக்கர்களுக்குக் குறைவில்லாத நாடு. ஒருவரைக் கூப்பிட்டு இதை உடைத்துப் பார் என்று சொல்ல நாழிகைகூட ஆகியிராது. அரசியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். அந்தச் சோதனை நடந்தது, கோவலன் வெட்டுண்ட பிறகு.

போன வருடம் ஒரு குளிர்த்தி இரவில், வழக்குரை அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தபோது மண்டபத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மேசை போட்டிருந்தார்கள். நேர்த்திக் காசு எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணியவர் ஒருவர், எழுதியவர் ஒருவர். வண்ணக்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். எண்ணி முடித்ததும் இன்னொரு குடியைச் சேர்ந்த பெரியவர் வந்து, ஒன்றும் பேசாமல், முதலிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினார்.

(அடுத்த பகுதி: தவளம் – பொதிமாடுகள் ஏறிய மலைப்பாதை)